வேடமும் வரைபடமும்: கூடி ஆடும் கணினி விளையாட்டு பற்றிச் சில குறிப்புகள்

1

சில மாதங்களுக்கு முன் ராயபுரத்தில் ஒரு வாசிப்புக் கூட்டம். பேச்சு எங்கெங்கோ போய்க் கடைசியில் 'இன்றைய இளைஞர்கள்' என்ற இடத்தில் வந்து நின்றது. நம் கூட்டங்கள் பெரும்பாலும் அங்கேதான் வந்து நிற்கும். மூத்த தோழர் ஒருவர், "பசங்க பூரா செல்லுல கேம் ஆடிக்கினு கெடக்கறானுங்க, இவனுங்கள வெச்சிக்கினு இன்னாத்த பண்றது?" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். நானும் அசைத்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஏன் அசைத்தேன் என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால், ஒரு விதி என்பது மனிதர்கள் கூடி உண்டாக்குவது, ஆகவே கூடி மாற்றக்கூடியது என்பதை நான் முதன்முதலில் கண்ணால் பார்த்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பிளஸ் ஒன் படிக்கும்போது, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் மணிக்குப் பதினைந்து ரூபாய் வாங்கிக்கொண்டு பிளைவுட் தடுப்புக்குள் உட்காரவைக்கும் ஒரு பிரவுசிங் சென்டரில்தான் பார்த்தேன்.

அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நான் பேசுவது ரம்மி, போக்கர் போன்ற சூதாட்டங்களைப் பற்றி அல்ல. அவை குடும்பங்களை அழித்திருக்கின்றன. 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதலைப் பெற்ற தமிழ்நாட்டுச் சட்டமும், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பணம் வைத்து ஆடுபவற்றைத் தனியே பிரித்துத்தான் அணுகுகின்றன. சட்டத்துக்குத் தெரிந்திருக்கும் இந்த வேறுபாடு நம் பேச்சில் இல்லை. 'கேம்' என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறோம். ஒரு சொல் எதை எதை மூடி மறைக்கிறது என்று கேட்பதுதான் நம்முடைய வேலை என்றால், இங்கேயும் அதைக் கேட்டாக வேண்டும்.

2

நான் சொல்ல வருவது, பலர் ஒரே நேரத்தில் ஒரு கற்பனை உலகத்துக்குள் நுழைந்து, ஆளுக்கொரு வேடம் ஏற்று ஆடும் விளையாட்டு. உள்ளே போகும்போது ஒரு பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். போர்வீரன், வில்லாளி, மந்திரவாதி, காயம் ஆற்றுகிறவன் என்று ஒரு தொழிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எல்லோரும் முதல் லெவலில்தான் தொடங்க வேண்டும். சின்னச் சின்ன மிருகங்களை அடித்து, சொன்ன வேலைகளைச் செய்து, அனுபவப் புள்ளி சேர்த்து மேலே ஏற வேண்டும். ஓர் அளவுக்கு மேல் தனியாகப் போக முடியாது. பெரிய அரக்கனை வீழ்த்த ஒருவன் முன்னால் நின்று அடி வாங்க வேண்டும் ('டேங்க்'), ஒருவன் பின்னால் நின்று அவன் உயிரைத் தாங்க வேண்டும் ('ஹீலர்'), மற்றவர்கள் அடிக்க வேண்டும். 2004-இல் வந்த 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டின் தொடக்கக்காலப் பெரும் படையெடுப்புகளுக்கு நாற்பது பேர் வரை தேவைப்பட்டார்கள். இப்படிச் சேர்ந்து ஆடுகிறவர்கள் நிரந்தரக் குழுவாக அமைவதற்கு 'கில்டு' என்று பெயர். உலகம் நாம் கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் இயங்கிக்கொண்டிருக்கும். காலையில் போய்ப் பார்த்தால் இரவில் ஏதோ நடந்து முடிந்திருக்கும். தனியாள் விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். இங்கே நம்மைத் தடுப்பதும் காப்பாற்றுவதும் பெரும்பாலும் இன்னொரு மனிதன்.

இதன் மூலம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1978-இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் 'மட்' என்ற விளையாட்டை எழுதத் தொடங்கினார். ரிச்சர்ட் பார்ட்டில் அதைத் தொடர்ந்து எழுதி முடித்தார். அதில் படமே கிடையாது. எல்லாம் எழுத்து. 'வடக்கே போ' என்று தட்டினால் அடுத்த இடத்தின் வர்ணனை திரையில் வரும். அங்கே இன்னொருவர் நின்றால் அவர் பேசுவதும் எழுத்தாக வரும். வாசகன் உள்ளே நடமாடக்கூடிய, வாசகர்கள் ஒருவரையொருவர் சந்தித்துக்கொள்ளக்கூடிய ஒரு பிரதி. தமிழில் நாம் 'பிரதியின் திறந்த தன்மை' பற்றி விவாதிக்கத் தொடங்குவதற்குச் சில ஆண்டுகள் முன்னதாகவே அது அங்கே ஓடிக்கொண்டிருந்தது.

பார்ட்டில் பின்னாட்களில் பலமுறை சொல்லியிருக்கும் ஒரு விஷயம் நமக்கு முக்கியமானது. பிரிட்டனின் வர்க்கப் படிநிலையில் கீழிருந்து வந்தவர் அவர். வாயைத் திறந்தால் உச்சரிப்பே உன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் சமூகம். பிறப்பு எதுவாக இருந்தாலும் செய்கையால் மட்டும் மதிக்கப்படும் ஓர் இடத்தை உண்டாக்குவதே நோக்கம் என்றும், அது ஓர் அரசியல் செயல் என்றும் அவர் விளக்கியிருக்கிறார். 'லெவல்' என்பதே அப்படி வந்ததுதான். ஆக, இந்த வடிவத்தின் கருவிலேயே வர்க்கம் குறித்த ஒரு கோபம் இருக்கிறது.

அந்தக் கோபம் சென்னைக்கு வந்து சேர இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2000-களின் நடுப்பகுதியில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சிஃபி நிறுவனம் 'ஏ3' என்ற கொரிய விளையாட்டை இந்தியாவுக்கென்று தனி சர்வரில் கொண்டுவந்தது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத பையன்களுக்குப் பிரவுசிங் சென்டர்தான் நுழைவாயில். அந்த ஆண்டுகளில் வடசென்னையில் பிளைவுட் தடுப்புகளுக்குப் பின்னால் இந்த வகை விளையாட்டுகளில் தலையை விட்டுக்கொண்டு கிடந்தவர்களில் நானும் ஒருவன்.

3

எங்கள் சென்டருக்கு ஒருவர் வருவார். காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை. நாங்கள் 'ஐஸ் அண்ணன்' என்போம். மீன்பிடித் தடைக்காலத்தில் (அப்போது 45 நாள், இப்போது 61 நாள்) அவருக்கு வேலை இருக்காது. அந்த நாட்களில் சென்டரே கதி என்று கிடப்பார். உள்ளே அவர் ஹீலர். முப்பது நாற்பது பேர் அவர் சொல் கேட்டு நின்றார்கள். அதில் பெங்களூர்ப் பையன்கள் உண்டு, ஐ.டி. கம்பெனிக்காரர்கள் உண்டு. ஒருமுறை அவரிடம், "உள்ள உங்களுக்கு இவ்ளோ மரியாதையாண்ணா?" என்று கேட்டேன். "வெளிய ஏரியா பேர சொன்னாலே வேலை தர யோசிக்கறான். இங்க எவன் ஏரியாவ கேக்கறான்?" என்றார்.

இதைத் 'தப்பித்தல்' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நம்மில் பலர் அப்படித்தான் சொல்வார்கள். வேடம் என்பது பொய், முகம் என்பது மெய் என்ற எதிர்வு அதற்குப் பின்னால் இருக்கிறது. கூத்து மரபு உள்ள ஒரு நிலத்தில் இருந்துகொண்டு இந்த எதிர்வை நாம் இவ்வளவு எளிதாக நம்பலாமா?

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கிறது. துகிலுரிதல் கட்டம் வரும்போது, துச்சாதனன் வேடம் கட்டியவர் எடுத்த எடுப்பில் சேலையில் கை வைப்பதில்லை. கூத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றி, அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு தொடர்வது பல இடங்களில் வழக்கம். வேடம் கட்டியிருப்பவருக்கு சாமி வந்துவிடுவதும் உண்டு. 'சும்மா ஆட்டம்தானே' என்று யாரும் சொல்வதில்லை. ஆட்டத்தில் செய்வது ஆடுகிறவனையும் தொடும், பார்க்கிறவனையும் தொடும் என்பது கூத்துக்காரர்களுக்குத் தெரியும். ஆகவே தொடும் இடத்தில் ஒரு தடுப்பை வைத்திருக்கிறார்கள். டச்சு வரலாற்றாளர் ஹுய்ஸிங்கா 1938-இல் எழுதிய 'ஹோமோ லூடன்ஸ்' நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து கோடு போட்டுப் பிரிக்கப்பட்ட தனிவெளி என்றார். அதை 'மந்திர வட்டம்' என்று பின்னால் வந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கூத்தின் கற்பூரம் அந்தக் கோட்டில் கசிவு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறது.

இந்தக் கசிவைக் கம்ப்யூட்டர் உலகம் 1993-இல் அதிர்ச்சியோடு கண்டுபிடித்தது. அமெரிக்காவில் 'லாம்ப்டாமூ' என்ற எழுத்தால் ஆன உலகம் ஒன்று இருந்தது. 1990-இல் பாவெல் கர்டிஸ் உண்டாக்கியது. அங்கே ஒருவர், மற்றவர்களின் பாத்திரங்கள் என்ன செய்வதாகத் திரையில் தோன்ற வேண்டும் என்பதைத் தானே எழுதும் ஒரு நிரலைப் பயன்படுத்தி, சில பாத்திரங்கள் மீது எல்லோர் முன்னிலையிலும் பாலியல் வன்முறையை நிகழ்த்தினார். வெறும் சொற்கள்தான். ஆனால் அந்தப் பாத்திரங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் உண்மையாகவே காயப்பட்டார்கள், அழுதார்கள். ஜூலியன் டிபெல் என்ற பத்திரிகையாளர் அதே ஆண்டு இறுதியில் 'வில்லேஜ் வாய்ஸ்' ஏட்டில் இதை விரிவாக எழுதினார்.

பிறகு நடந்ததுதான் நம் விவாதத்துக்கு உரியது. கர்டிஸ் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே, நிர்வாகிகள் இனி மக்களின் சச்சரவுகளில் தலையிட மாட்டார்கள் என்று அறிவித்து ஒதுங்கியிருந்தார். குடியிருப்பவர்கள் கூடினார்கள். விவாதித்தார்கள். தண்டனை தரலாமா, யார் தருவது, எந்த அதிகாரத்தில் தருவது? முடிவு எட்டவில்லை. கடைசியில் ஒரு நிர்வாகி தன்னிச்சையாக அந்தப் பாத்திரத்தை நீக்கிவிட்டார். நியாயம் கிடைத்ததா? கிடைத்தது. முறையாகக் கிடைத்ததா? இல்லை. இந்தச் சங்கடத்தின் விளைவாகத்தான் கர்டிஸ் பின்பு மனு, வாக்கெடுப்பு என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அரசு எப்படித் தோன்றுகிறது என்று தத்துவவாதிகள் ஊகித்து எழுதியது, விளையாடப் போன இடத்தில் இவர்கள் கண்முன் நடந்தது.

4

ஆக, கூடி ஆடும் இந்த விளையாட்டில் மூன்று வகை விதிகள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, நிரலில் எழுதப்பட்டிருக்கும் விதி. சுவருக்குள் நடக்க முடியாது. இதை மீறவே முடியாது. புவியீர்ப்பைப் போல. இரண்டாவது, கம்பெனியின் ஒப்பந்தம். 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பட்டனை யாரும் படிக்காமல் அழுத்திவிட்டு உள்ளே போகிறோம். மூன்றாவது, ஆடுகிறவர்கள் தங்களுக்குள் உண்டாக்கிக்கொள்வது. இது எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. மீறினால் கம்ப்யூட்டர் தடுக்காது, கம்பெனி கேட்காது. கூட இருப்பவர்கள் கேட்பார்கள். இந்த மூன்றாவதை நம் விமர்சகர்கள் பார்த்ததே இல்லை என்பது என் குற்றச்சாட்டு.

உதாரணம் சொல்கிறேன். நாற்பது பேர் நான்கு மணி நேரம் போராடி ஓர் அரக்கனை வீழ்த்துகிறார்கள். இரண்டு வாள் விழுகிறது. யாருக்கு? நிரலில் இதற்கு நியாயமான விடை இல்லை. 1999-இல் 'எவர்குவெஸ்ட்' விளையாட்டில் ஒரு கில்டு இதற்கு ஒரு முறையைக் கண்டுபிடித்தது. ஒவ்வொரு படையெடுப்பில் கலந்துகொண்டதற்கும் ஒரு புள்ளி, பொருள் வேண்டும் என்றால் சேர்த்த புள்ளியைக் கொடுத்து வாங்கு. 'டி.கே.பி.' என்று பெயர். கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆடியவர்களே தாளிலும் அட்டவணையிலும் கணக்கு வைத்தார்கள். பிறகு எத்தனையோ விளையாட்டுகளுக்கு இது பரவியது.

எங்கள் சென்டரில் யாரும் டி.கே.பி. என்ற சொல்லைக் கேட்டதில்லை. ஆனால் ஐஸ் அண்ணனிடம் ஒரு லாங்சைஸ் நோட்டு இருந்தது. யார் எந்த நாள் வந்தார்கள், யார் மருந்து செலவழித்தார்கள், யாருக்கு எது கொடுத்தாயிற்று என்று பேனாவால் கோடு போட்டு எழுதியிருப்பார். செலவை முதலில் கழித்துவிட்டுத்தான் பங்கு. வராதவனுக்கு இல்லை. புதுப் பையனுக்கு முழுப் பங்கு கிடையாது, ஆனால் வெறுங்கையோடு அனுப்ப மாட்டார். எங்கே கற்றார் என்று கேட்டால், "இதுல கத்துக்கறதுக்கு இன்னா கீது? போட்ல பங்கு போடற மாதிரிதாம்பா" என்றார். டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் படகுக்கும் ஆட்களுக்குமாகப் பிரிக்கும் கடற்கரை வழக்கம் கொரியக்காரன் எழுதிய உலகத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

இன்னொன்று. நல்ல பொருள் தரும் மிருகம் ஒரே இடத்தில் குறிப்பிட்ட இடைவெளியில்தான் தோன்றும். எல்லோரும் அங்கே முட்டிக்கொண்டால் யாருக்கும் கிடைக்காது. எவர்குவெஸ்ட் ஆட்டக்காரர்கள் இதற்கு 'கேம்ப்' வழக்கத்தை உண்டாக்கினார்கள். முதலில் வந்தவன் இடம் அவனுடையது, அடுத்தவன் பெயர் வரிசையில். எண்ணூருக்கு வடக்கே பழவேற்காடு ஏரியில் மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக வைத்திருக்கும் 'பாடு' முறையும் இதே கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைதான். எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் சுற்றிச் சுற்றி வரும்.

இதைக் கேட்டதும் 'பார்த்தீர்களா, மக்களின் சுயாட்சி' என்று நாம் கைதட்டிவிடக் கூடாது. பாடு உரிமை எல்லோருக்கும் உரியதல்ல. பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட ஊர்களுக்கும் குடும்பங்களுக்கும் உரியது. அதே ஏரியில் மீன் பிடிக்கும் மற்றவர்கள் அந்த வரிசைக்கு வெளியே நின்றார்கள். 1918-இல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம், 1921 பி அண்ட் சி மில் வேலைநிறுத்தத்தில் சாதியால் பிளந்து, புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்ததையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கூடி உண்டாக்கும் விதி தானாகவே நல்ல விதி ஆகிவிடாது. யார் கூடினார்கள் என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. எங்கள் சென்டருக்கு ஒரு பெண்பிள்ளைகூட வந்ததில்லை. உள்ளே பெண் வேடங்கள் ஏராளம். அத்தனைக்கும் பின்னால் பையன்கள். பெண் வேடத்துக்குப் புதியவர்கள் இலவசமாகப் பொருள் தருவார்கள் என்பதால் அப்படி ஒரு தந்திரம். கூத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டியதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறோம், இதைப் பற்றியும் எழுதலாம்.

5

'எவன் ஏரியாவ கேக்கறான்' என்ற அந்த விடுதலைக்கும் எல்லை உண்டு. அது விளையாட்டின் உள்ளேயே கட்டப்பட்டிருக்கிறது.

இந்த வகை விளையாட்டுகளின் இலக்கணம் 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற மேசை விளையாட்டிலிருந்து வந்தது. அங்கே ஆடுகிறவன் முதலில் தேர்ந்துகொள்ள வேண்டியது தன் 'இனம்'. எல்ஃப் என்றால் நுண்மை, குள்ளன் என்றால் உறுதி, ஓர்க் என்றால் முரட்டுத்தனம், மந்தபுத்தி. குணம் பிறப்போடு வந்துவிடுகிறது. எண்ணாகவே எழுதிவைத்திருப்பார்கள்: பலம் இரண்டு கூட்டு, புத்தி இரண்டு குறை. பிறப்பால் குணம், குணத்தால் தொழில் என்ற சூத்திரத்தை எங்கே கேட்டிருக்கிறோம் என்று இந்த வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நீண்ட விமர்சனங்களுக்குப் பிறகு அந்த விளையாட்டின் இன்றைய உரிமையாளர்கள் 'இனம்' என்ற சொல்லைக் கைவிடுவதாக 2022 டிசம்பரில் அறிவித்தார்கள். 2024 விதிநூலில் வேறு சொல் வந்தது. சொல் போனாலும் சட்டகம் போவதற்கு நாளாகும்.

வடசென்னையின் குத்துச்சண்டை உலகம் இங்கே ஒரு நல்ல எதிர் உதாரணம். 2021-இல் வந்த பா. ரஞ்சித்தின் படத்தால் 'சார்பட்டா பரம்பரை' என்ற பெயர் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் ரத்தத்தைத்தான் குறிக்கும். ஆனால் அங்கே பரம்பரை என்பது வாத்தியாரிடம் போய்ச் சேர்ந்து, அடி வாங்கிக் கற்றுப் பெறும் ஒன்று. பிறப்பைச் சுட்டும் சொல்லைத் திருடிப் பயிற்சிக்குச் சூட்டியிருக்கிறார்கள். கில்டு என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டால் சங்கம் என்பதைவிடப் பரம்பரை என்று நான் பரிந்துரைப்பேன்.

இரண்டாவது எல்லை, 'உழைத்தால் உயரலாம்' என்ற வாக்குறுதி. பார்ட்டிலின் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் லெவல் ஏற நேரம் வேண்டும். நேரம் வர்க்கத்துக்கு வர்க்கம் வேறுபடுகிறது. ஐஸ் அண்ணனுக்கு நேரம் கிடைத்ததே வேலை இல்லாத நாட்களில்தான். பின்னால் வந்த பல விளையாட்டுகளில் காசு கொடுத்தால் ஆயுதத்தை நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். வெளியே இருக்கும் ஏணியை உள்ளேயும் சாத்திவிட்டார்கள்.

6

மூன்றாவது எல்லைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. உலகம் யாருடையது?

நாங்கள் ஆடிய உலகம் ஒரு நாள் மூடப்பட்டது. ஓர் அறிவிப்பு, ஒரு தேதி, அவ்வளவுதான். ஏ3 இந்திய சர்வரும் சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இது ஒன்றிரண்டு விளையாட்டின் கதை அல்ல, இந்தத் தொழிலின் வழக்கமே இதுதான். சர்வர் கம்பெனியின் சொத்து. அதில் மக்கள் கட்டிய உறவு, பழக்கம், விதி எதற்கும் ஒப்பந்தத்தில் இடமில்லை. 2020 செப்டம்பர் 2 அன்று ஒன்றிய அரசு 118 செயலிகளைத் தடை செய்தபோது பப்ஜியும் போயிற்று. அது வேடப்புனைவு விளையாட்டு அல்ல, சுடும் விளையாட்டு. ஆனாலும் ஊரடங்குக் காலத்தில் பையன்கள் இரவெல்லாம் கூடிப் பேசிய இடம் அதுதான். கம்பெனி மூடினாலும் அரசு மூடினாலும் உள்ளே இருந்தவனை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த இடத்தில் எண்ணூரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடற்கரை மண்டல வரைபடத்தில் எண்ணூர்க் கழிமுகம் இருந்தது, பாதுகாக்கப்பட்ட பகுதியாக இருந்தது. பின்னாளில் அதிகாரிகளிடமிருந்து கிடைத்த இன்னொரு வரைபடத்தில் அதன் பெரும்பகுதியைக் காணோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகத் தாள்களைப் பெற்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சூழல் ஆர்வலர்கள் 2017-இல் ஊருக்குக் காட்டினார்கள். தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, மீனவர்கள் இறங்கி இறால் தடவிக்கொண்டிருக்கிறார்கள், தாளில் ஆறு இல்லை. அனல்மின் நிலையச் சாம்பலும் துறைமுகமும் அந்தக் கழிமுகத்தை நெருக்கிக்கொண்டிருந்த காலம் அது.

விளையாட்டையும் எண்ணூரையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது ஆபாசம். சர்வர் போனால் இன்னொரு விளையாட்டுக்குப் போகலாம். கழிமுகம் போனால் இறாலுக்குப் போக்கிடம் இல்லை, இறாலை நம்பியவர்களுக்கும் இல்லை. ஆனால் அதிகாரத்தின் வடிவம் ஒன்றுதான். உள்ளே புழங்குகிறவர்கள் மூன்றாம் வகை விதிகளை எவ்வளவு நுட்பமாகக் கட்டினாலும் (பாடு, பங்கு, நோட்டுப் புத்தகம்) முதல் வகை விதியை, அதாவது வரைபடத்தை, வேறொருவர் வேறெங்கோ உட்கார்ந்து வரைகிறார். கழிமுகத்தில் வலை வீசுகிறவனின் பாடு வரிசைக்கு அந்த வரைபடத்தில் குறியீடு கிடையாது.

விளையாட்டு ஆடியவனுக்கு இங்கே ஒரு அனுகூலம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வரைபடம் வரையப்பட்டது என்று அவனுக்குத் தெரியும். 'இந்த மலை ஏன் இங்கே இருக்கிறது?' என்று கேட்டால், 'கடவுள் வைத்தார்' என்றோ 'வளர்ச்சி வைத்தது' என்றோ அவன் சொல்ல மாட்டான். 'டெவலப்பர் வச்சான், அடுத்த அப்டேட்ல எடுத்துடுவான்' என்பான். இயற்கையாகத் தோன்றும் எல்லாவற்றுக்கும் பின்னால் எழுதியவன் ஒருவன் இருக்கிறான் என்பதை ரொலாண் பார்த்தைப் படித்து நாம் சிரமப்பட்டுக் கற்றுக்கொண்டோம். அவனுக்கு அது பழக்கத்திலேயே வந்திருக்கிறது. அந்தப் பழக்கத்தைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லி அவனிடம் யாரும் இதுவரை பேசவில்லை. நாம் அவனைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டோம்.

நாற்பது பேரை நேரத்துக்கு வரவழைப்பது, சண்டை போட்டவர்களைச் சமாதானம் செய்வது, பங்கு பிரித்த பிறகும் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்வது, தோற்ற இரவில் யார் தவறு என்று யாரையும் அவமானப்படுத்தாமல் பேசுவது: இவையெல்லாம் நம் அமைப்புகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? நானறிந்து பல இலக்கிய அமைப்புகள் உடைந்தது கொள்கையால் அல்ல, பங்கு போடத் தெரியாததால்.

உலகம் மூடப்பட்ட பிறகும் ஐஸ் அண்ணன் சில வாரங்கள் சென்டருக்கு வந்துகொண்டிருந்தார். நோட்டைக் கையில் வைத்திருந்தார். இரண்டு பேருக்குப் பாக்கி இருக்கிறது, எப்படித் தருவது என்று தெரியவில்லை என்றார். தருவதற்கு வாளும் இல்லை, வாங்குகிறவனின் உண்மைப் பெயரும் தெரியாது. ஆனாலும் அவருக்கு அது பாக்கிதான். அடுத்த கூட்டத்தில் அந்த மூத்த தோழர் மறுபடியும் அதையே சொன்னால், இந்த நோட்டைப் பற்றிச் சொல்லலாம் என்று இருக்கிறேன்.